கோழிக்கூடும் வாடைக்காற்றும்

சமண வீட்டு மனுஷர் கோழிக்கூட்டைப் பற்றி எழுதுகிறாரே என்று இம்மலரைப் புரட்டும் அன்பர்கள் வியக்கலாம். வியப்பு நியாயம்தான். ஆனால் எங்கள் இலக்கியத்தில் கோழிக்கு ஒரு தனி இடம் உண்டு. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தில், மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட அரசனும் அவன் தாயும் பிறவிதோறும் விலங்காகவும் பறவையாகவும் உழன்று, கடைசியில் கோழிகளாகவே பிறக்கிறார்கள். மாக்கோழிக்கே அந்தக் கணக்கு என்றால், உயிருள்ள கோழிக்கு எந்தக் கணக்கு?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதம். தில்லியின் ஓரத்தில் குடியிருக்கும் நம்மவர் குடும்பம் ஒன்று, வீட்டுப் பின்புறத்தில் எட்டுக் கோழிகள் வளர்த்து வந்தது. ஒரு வாரத்தில் மூன்று செத்துவிட்டன. "நயினார் ஐயா, குளிராச்சேன்னு ஒரு ஓட்டை விடாம பிளாஸ்டிக் சுத்தி அடைச்சேன். அப்படியும் போயிடுச்சே!" என்று அந்த அம்மா கலங்கினார். கூட்டுக்குள் தலையை நீட்டினேன். கண் எரிந்தது. பிளாஸ்டிக்கின் உட்புறம் முத்து முத்தாக நீர். கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, மூச்சுக்குழாய் நோய் என்றும், ஈரமும் நெடியும்தான் அதற்கு வழிவிட்டன என்றும் சொன்னார்.

தவறு எங்கே? நம்ம ஊரில் பஞ்சாரத்தைக் கவிழ்த்தால் போதும், நாலு பக்கமும் காற்று போய்வரும். இங்கே ஜனவரி இரவில் வெப்பம் சராசரியாக 7 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. மேற்கிலும் வடமேற்கிலும் இருந்து காற்று அடிக்கிறது. அதற்குப் பயந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம். ஊதல் காற்று வேறு, காற்றோட்டம் வேறு என்பதை மறந்துவிடுகிறோம்.

கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி. இறகுகளைச் சற்றே உப்பிக்கொண்டு, அவற்றினிடையே காற்றைச் சிறைப்பிடித்து அந்த வெப்பத்தைக் காத்துக்கொள்கிறது. அதுதான் அதன் ரஜாய். சந்து வழியே வரும் ஊதல் காற்று அந்த இறகுகளைப் பிரித்து, உள்ளே இருக்கும் சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது. ஆகவே உறங்கும் கோழியின் மேல் காற்று படக்கூடாது.

ஆனால் ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் குடிக்கிறது. எட்டுக் கோழிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல். அதில் பெரும்பகுதி மூச்சாகவும் எச்சமாகவும் வெளியே வந்துவிடும். எச்சம் ஈரத்தில் ஊறினால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியா ஆக்குகின்றன. அந்த நெடி கண்ணையும் மூச்சுக்குழாயையும் புண்ணாக்கும். ஆகவே ஈரமும் நெடியும் வெளியேற வழி இருந்தே ஆக வேண்டும்.

இரண்டுக்கும் சேர்த்து விதி ஒன்றே: கோழியின் தலைக்குக் கீழே அடைப்பு, தலைக்கு மேலே திறப்பு.

மேற்கு, வடக்குச் சுவர்களில் உள்ள சந்துகளை, கோழி தங்கும் கட்டைக்கு மேல் ஓரடி உயரம் வரை மண்ணோ பலகையோ வைத்து அடைத்துவிடுங்கள். கதவின் அடிச்சந்தையும் மறக்க வேண்டாம். கூரைக்குச் சற்றுக் கீழே, கிழக்கிலும் தெற்கிலும் கம்பி வலை போட்ட திறப்பு விடுங்கள். தரை பத்துச் சதுர அடி என்றால் திறப்பு ஒரு சதுர அடி என்பது கைக்கணக்கு. சூடான ஈரக்காற்று மேலே எழும்பி அவ்வழியே போய்விடும். கோணிச்சாக்கு தொங்கவிடுவதானால் மேற்குப் பக்கம் மட்டும்; பகலில் சுருட்டிவிடுங்கள்.

தங்கும் கட்டை இரண்டங்குல அகலம் இருந்தால் கோழி பாதத்தைத் தட்டையாக ஊன்றி, வயிற்று இறகால் மூடிக்கொள்ளும். தரையில் நான்கங்குலம் உலர்ந்த நெல் உமி பரப்பி, நனைந்ததை உடனே அள்ளிவிட வேண்டும்.

சரியாகச் செய்தோமா என்று பார்க்க ஒரு சோதனை. காற்றடிக்கும் இரவில் கட்டை உயரத்தில் ஒரு மெல்லிய நூலைத் தொங்கவிடுங்கள். நூல் ஆடினால் எங்கோ சந்து இருக்கிறது. விடியற்காலையில் கோழியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுங்கள். கண் கரித்தாலோ, சுவர் வியர்த்தாலோ, மேல்திறப்பு போதவில்லை.

கூட்டுக்குள் கரி அங்கீட்டி வைக்கவே கூடாது. அதன் நச்சுவாயு மனிதரையே கொல்லும். உமிக்குப் பக்கத்தில் மின்விளக்கைத் தொங்கவிடுவதும் தீயை அழைப்பதே. வளர்ந்த கோழிக்கு அந்தச் சூடு தேவையே இல்லை. குஞ்சுகள் விஷயம் வேறு. முதல் வாரம் அவற்றுக்கு 32 முதல் 35 டிகிரி வரை வெப்பம் வேண்டும். பிறகு வாரம் 3 டிகிரி வீதம் குறைக்கலாம். அவற்றைத் தனியே, வீட்டுக்குள் வைத்துக் காப்பதே நல்லது.

உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் கொல்லாமை விரதத்துக்கு நேரும் குற்றங்கள் ஐந்தைச் சொல்கிறது: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். கொலை அந்தப் பட்டியலில் இல்லை. கொல்லாதவனும் செய்யக்கூடிய கொடுமைகளே அவை. முதலாவது கட்டி வைத்தல் என்பதைக் கவனியுங்கள். பறந்து போய்த் தனக்கான இடம் தேடிக்கொள்ளும் உயிரை நாம் அடைத்து வைத்தோம். அப்புறம் அதன் மூச்சுக் காற்றுக்கு நாம்தானே பொறுப்பு? முட்டையோ கறியோ நான் தொடுவதில்லை. வளர்க்கிறவர்களை வளர்க்காதே என்று சொல்லவும் வரவில்லை. வளர்க்கும்வரை வதைக்காமல் வளர்க்கலாமே என்கிறேன்.

அந்த அம்மா அன்று மாலையே பிளாஸ்டிக்கைக் கிழித்துப் போட்டார். மறுவாரம் தச்சரைக் கூப்பிட்டு மேலே திறப்பு வைத்தார். மீதி ஐந்து கோழிகளும் அடுத்த குளிர்காலத்தைத் தாண்டின. "இப்ப உள்ளே போனா உமி வாசனைதான் ஐயா வருது" என்றார். எனக்கு அது போதும்.