நாடு கடந்த நரியும் உடைந்த பால்குடமும்

கதை கேளாமல் வளர்ந்த குழந்தை உலகில் உண்டோ? ஆயாவின் மடியில் படுத்துக்கொண்டு, "ஒரு காட்டுல ஒரு நரி இருந்துச்சாம்" என்று கேட்ட நாட்களை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆனால் அந்த நரி பாரசீகம், அரபு நாடு, பிரான்சு எல்லாம் சுற்றி வந்த நரி என்பது பலருக்குத் தெரியாது. போன இடமெல்லாம் அதன் கதியும் மாறியது. அதைப் பற்றிச் சிறிது கூறவே இக்கட்டுரை.

இதை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. சென்ற கோடை விடுமுறையில் உறவினர் எல்லோரும் கூடியிருந்தபோது, கடலைப் பற்றிப் படித்து ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொன்னேன். பெரியப்பா சிரித்துக்கொண்டே, "பால்காரி குடத்தை உடைச்ச கதைதான் போ!" என்றார். எல்லோரும் சிரித்தனர். என் முகம் சுருங்கிவிட்டது. பள்ளி திறந்ததும் பிரெஞ்சுப் பாடத்தில் அதே பால்காரியைச் சந்தித்தேன்! அவள் எங்கிருந்து வந்தாள் என்று தேடத் தொடங்கினேன்.

அவளுடைய தாய்வீடு நம் பாரத நாடே. பஞ்சதந்திரம் என்னும் வடமொழி நூலை, மந்த புத்தியுள்ள மூன்று அரச குமாரர்களுக்கு அரசியல் அறிவு புகட்ட விஷ்ணு சர்மா என்பவர் சொன்னதாகக் கூறுவர். 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் அனுஷிர்வானின் காலத்தில் பர்சோய் என்னும் மருத்துவர் அதைப் பாரசீகத்தின் பழைய மொழியாகிய பஹ்லவியில் பெயர்த்தார். அதிலிருந்து 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபா என்பவர் அரபு மொழியில் எழுதிய நூலே 'கலீலா வ திம்னா'.

இங்கேதான் நரியின் கதி மாறுகிறது. நம் பஞ்சதந்திரத்தில் தமனகன் என்னும் நரி, சிங்க ராஜாவுக்கும் அதன் நண்பனாகிய எருதுக்கும் கோள்மூட்டி எருதைக் கொல்லச் செய்கிறது. பிறகு அதுவே மந்திரியாகச் சுகமாக வாழ்கிறது. அரசாளப் போகும் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை அல்லவா? 'அரண்மனையில் இப்படியும் நடக்கும், ஏமாந்து போகாதே' என்பதே அதன் பாடம். அரபு நூலிலோ புதிதாக ஓர் அத்தியாயம் சேர்ந்திருக்கிறது. நரி நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறது, சாட்சிகள் வருகின்றன, குற்றவாளி சிறையிலே மாள்கிறது. குற்றம் செய்தவன் தப்பக்கூடாது என்று அந்நாட்டார் விரும்பினர் போலும்.

இனிக் குடத்துக்கு வருவோம். பஞ்சதந்திரத்தில் கனவு காண்பவன் ஓர் ஏழை அந்தணன். பிச்சை எடுத்துச் சேர்த்த மாவைப் பானையில் கட்டித் தொங்கவிட்டு, அதன் கீழே படுத்துக்கொள்கிறான். மாவை விற்று ஆடு, ஆட்டை விற்று மாடு, பிறகு குதிரை, வீடு, மனைவி, மகன் என்று எண்ணம் ஓடுகிறது. குழந்தையைக் கவனிக்காத மனைவியை உதைப்பதாக நினைத்துக் காலை வீச, பானை உடைந்து மாவெல்லாம் அவன் மேலேயே கொட்டுகிறது. அரபு நாட்டில் அவன் துறவியாகிறான். மாவு தேனாகவும் நெய்யாகவும் மாறுகிறது. சொல் கேளாத மகனை அடிக்கக் கோலை ஓங்கும்போது குடம் உடைகிறது. 1335இல் ஸ்பெயின் நாட்டில் எழுதப்பட்ட ஒரு நூலில் கனவு காண்பவள் தேன்குடம் சுமந்து சந்தைக்குச் செல்லும் பெண்ணாகிவிட்டாள்.

1644இல் இக்கதைகள் சில பாரசீகத்தின் வழியாகப் பிரெஞ்சு மொழியில் அச்சேறின. அவற்றைப் படித்த கவிஞர் லா ஃபொந்தேன் 1678இல் வெளியிட்ட தம் நூலின் முன்னுரையில், இந்திய ஞானி பில்பாய்க்குத் தாம் கடன்பட்டிருப்பதாக நன்றியுடன் குறிப்பிட்டார். அந்த நூலில்தான் பெரெத் என்னும் பால்காரி வருகிறாள். முட்டை, கோழி, பன்றி, பசு, கன்று என்று கனவு வளர, கன்று துள்ளுவதை எண்ணித் தானும் துள்ளிக் குதிக்கிறாள், பால் கொட்டிவிடுகிறது. கணவன் அடிப்பானோ என்ற அச்சத்துடன் வீடு திரும்புகிறாள். தோழியரே, கவனித்தீர்களா? நம் நாட்டுக் கதையில் உதை வாங்குபவளும் மனைவி, பிரான்சில் அடிக்கு அஞ்சுபவளும் மனைவி. எவ்வளவோ மாறிய கதையில் இது மாறவில்லையே!

அரசாட்சியைக் குறை கூற முடியாத காலத்தில் கதைகள் வேறொரு வேலையும் செய்தன. லா ஃபொந்தேன் வாழ்ந்தது பதினான்காம் லூயி மன்னரின் ஆட்சியில். கொள்ளை நோய் வந்தபோது மிருகங்கள் கூடித் தம் பாவங்களைச் சொல்வதாக அவர் ஒரு கதை எழுதினார். ஆடுகளையும் இடையனையும் தின்ற சிங்கத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். பிறர் நிலத்தில் ஒரு வாய் புல் மேய்ந்த கழுதைக்கு மரண தண்டனை! எந்த அரசவையைச் சொல்கிறார் என்று படித்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

ஆட்சி முறை மாறினால் கதை எப்படி மாறும் என்பதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. இத்தாலியில் 1883இல் கொல்லோதி எழுதிய 'பினோக்கியோ' என்னும் மரப்பொம்மைக்குப் பொய் சொன்னால் மூக்கு நீளும். நல்ல பிள்ளையாக உழைத்ததும் அது மனிதச் சிறுவனாகிறது. 1936இல் சோவியத் நாட்டில் அலெக்சேய் டால்ஸ்டாய் இதைத் 'தங்கச் சாவி' என்று மாற்றி எழுதினார். அங்கே பொய் சொன்னாலும் மூக்கு நீளாது. பொம்மை மனிதனாகவும் ஆகாது. பொம்மைகள் எல்லாம் கொடிய முதலாளியிடமிருந்து தப்பித் தமக்கென ஒரு நாடக அரங்கம் அமைத்துக்கொள்கின்றன. முன்னதில் பரிசு ஒருவனுக்கு, பின்னதில் கூட்டத்துக்கு.

நம் புதுவைக்கும் இந்தக் கதைப் பயணத்தில் பங்கு உண்டு. 1792இல் புதுச்சேரிக்கு வந்த துபுவா பாதிரியார் பஞ்சதந்திரத்தைப் பிரெஞ்சில் பெயர்த்தார். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையும் சேர்ந்த அந்நூல் 1826இல் பாரிசில் வெளிவந்தது. ஆங்கில அரசின் பிடியிலிருந்து தப்பி, 1908 முதல் 1918 வரை பிரெஞ்சுப் புதுவையில் வாழ்ந்த பாரதியார், பஞ்சதந்திரத்தின் பாணியிலேயே 'நவதந்திரக் கதைகள்' எழுதினார். அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் குயில்தோப்பு எங்கள் கருவடிக்குப்பத்தில்தான் இருக்கிறது.

இவற்றையெல்லாம் படித்தபின் எனக்கு ஒன்று விளங்கியது. கதை சொல்பவர் எதற்கு அஞ்சுகிறாரோ, எதை விரும்புகிறாரோ, அதற்கேற்பக் கதை மாறுகிறது. ஆகவே கதை கேட்கும்போது, இதை யார், யாருக்காக, ஏன் சொல்கிறார் என்றும் நாம் கேட்க வேண்டும்.

தீபாவளிக்குப் பெரியப்பா வந்தார். லா ஃபொந்தேன் அந்தப் பால்காரியைப் பழிக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். அறிஞரும் மூடரும் எல்லோருமே கனவு காண்கிறோம், தானும் அரசனாவதாகக் கனவு கண்டதுண்டு என்றுதான் அக்கவிஞர் கதையை முடிக்கிறார். "அவ கனவு கண்டதால குடம் உடையல பெரியப்பா. தலைமேல குடம் இருக்கறதை மறந்து குதிச்சதால உடைஞ்சுது. நான் மறக்க மாட்டேன்" என்றேன். பெரியப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரிம்மா, கணக்குல எத்தனை மார்க்கு?" என்று கேட்டார். அதுதான் என் குடம்! அதை இன்னும் கவனமாகச் சுமக்க வேண்டும் என்று உணர்ந்தேன்.

பெற்றோரே, பெரியோரே! எங்களுக்குக் கதை சொல்லுங்கள், நிறையச் சொல்லுங்கள். குடம் உடைந்ததோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தோழியரே! நாளை நாமும் நம் தம்பி தங்கையருக்குக் கதை சொல்வோம். அந்தக் கதையில் பால்காரி குடத்தைப் பத்திரமாகச் சந்தையில் இறக்கி வைக்கட்டும். வீட்டில் அவளை அடிப்பதற்கு யாரும் இல்லாதிருக்கட்டும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, கருவடிக்குப்பம்