போட்டியாளர் கொடுத்த பொதுச் சொத்து

ஊருக்கொரு மரக்காலும் பேட்டைக்கொரு படியும் வழங்கிய காலம் ஒன்று இருந்தது. ஓரூர்ப் படியால் அளந்து வாங்கிய நெல் மற்றோரூர்ப் படியால் அளக்கும்போது குறையும். குறைந்தது யார் குற்றம் என்று வழக்கு நடக்கும். சர்க்கார் சட்டம் செய்து ஒரே அளவை நிர்ணயித்த பிறகே இத்தகைய தொல்லைகள் வழக்கமாகத் தீர்கின்றன. ஆனால், சட்டத்தின் நிர்ப்பந்தம் சிறிதுமின்றி, எதிரெதிரே கடை வைத்திருந்த வியாபாரிகள் தாங்களே கூடி ஒரு பொது அளவை வகுத்து, அதற்குக் காசு கேட்காமல் உலகத்துக்கு விட்டுக்கொடுத்த சம்பவம் ஒன்று உண்டு. அது 1983-ஆம் வருஷத்தில், மின்சார சங்கீதக் கருவிகள் செய்வோரிடையே நிகழ்ந்தது. சங்கீதத்தில் சிரத்தை இல்லாதவர்களும், பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்களாயின், இதை அறிந்திருப்பது நலம் என்று கருதி எழுதுகிறோம்.

கருவி எத்தகையது?

வீணையில் அதிர்வது தந்தி. நாதஸ்வரத்தில் அதிர்வது காற்று. சிந்தஸைஸரில் அதிர்வது மின்சாரம். மின்னோட்டத்தைக் குறித்த வேகத்தில் அலைபோல் ஏறி இறங்கச் செய்து, அதில் வேண்டாத பகுதியை வடிகட்டி, ஒலி எழுவதும் தணிவதும் எப்படி என்று திட்டம் செய்து, ஒலிபெருக்கி வழியாக வெளியே விடுவதே அதன் தொழில். சீக்வென்ஸர் என்பது இதற்குத் துணைக் கருவி. எந்த ஸ்வரம், எப்பொழுது, எவ்வளவு நேரம் என்பதை வரிசையாக ஞாபகத்தில் வைத்திருந்து, அந்த வரிசைப்படி சிந்தஸைஸரை வாசிக்கச் செய்வது அது. முன்னது குரல், பின்னது ஞாபகம் என்று சொன்னால் பொருந்தும்.

அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்பவர் 1964-ல் தமது கருவியை நிபுணர் கூட்டமொன்றில் காட்டினார். அதே காலத்தில் அத்தேசத்தின் மேற்குக் கரையில் டான் புக்லா என்பவரும் தனியே ஒரு கருவியை அமைத்துவந்தார். இவ்விருவர் கருவிகளிலும் ஸ்வரத்தை உயர்த்துவது மின்னழுத்தமே. ஆனால் ஒரு ஸ்தாயி உயர்வதற்கு மூக்கின் கருவிக்கு 1 வோல்ட் போதும். புக்லாவின் கருவிக்கோ 1.2 வோல்ட் வேண்டும். ஒன்றின் கட்டளையை மற்றொன்றுக்குக் கொடுத்தால் சுருதி பிறழும். இத்தொழிலின் பிறப்பிலேயே ஊருக்கொரு மரக்கால் வந்துவிட்டது!

வென்டி கார்லோஸ் என்ற கலைஞர் மூக்கின் கருவியைக் கொண்டு ஜெர்மானிய மேதை பாக்கின் இசையை வாசித்து 1968-ல் வெளியிட்ட இசைத்தட்டு உலகப் புகழ் பெற்றது. அக்கருவி ஒரே சமயத்தில் ஒரு ஸ்வரத்தையே ஒலிக்கவல்லது. ஆகவே ஒவ்வொரு வரியையும் தனித்தனியே ஒலிநாடாவில் பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. பத்து வருஷங்களுக்குப் பிறகு, 1978-ல், கலிபோர்னியாவில் டேவ் ஸ்மித் என்னும் இளைஞரின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனி 'பிராபெட்-5' என்ற கருவியை வெளியிட்டது. அதனுள்ளே சிறு கம்ப்யூட்டர் மூளை ஒன்று இருந்தது. ஐந்து ஸ்வரங்களை ஒரே சமயத்தில் ஒலிக்கவும், 40 விதமான ஒலி அமைப்புகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும் அதனால் முடிந்தது.

கருவிகள் இவ்வாறு புத்திசாலிகளாயின. ஆயினும் ஒன்றுக்கொன்று பேசத் தெரியாத புத்திசாலிகளாகவே இருந்தன. ஒவ்வொரு கம்பெனியும் தன் கருவிகள் மட்டும் தம்முள் பேசிக்கொள்ளும்படி ஒரு தனிப் பாஷையை வைத்துக்கொண்டது. ஒரு கம்பெனியின் சிந்தஸைஸரை வாங்கிய வாத்தியக்காரர், சீக்வென்ஸரையும் அதே கம்பெனியிடமே வாங்கவேண்டும். அந்தக் கம்பெனி மூடப்பட்டால் அவர் வைத்திருக்கும் கருவி அநாதையாகிவிடும். இது வியாபாரிக்கு லாபம் போலத் தோன்றும். ஆனால் வாங்குவோர் அஞ்சி ஒதுங்கும் சந்தையில் எந்த வியாபாரிக்கும் நிலையான லாபம் இல்லை என்பதைக் கண்டுகொண்டவர் ஒருவர் ஜப்பானில் இருந்தார்.

இருவர் சந்திப்பு

அவர் இகுதாரோ காகேஹாஷி. 1930-ல் ஒஸாகா நகரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே தாய் தந்தையரை இழந்தவர். வாலிபத்தில் க்ஷயரோகத்தால் பீடிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்கில் கிடந்தவர். கடிகாரங்களையும் ரேடியோக்களையும் பழுது பார்த்துப் பிழைத்தவர். அவர் 1972-ல் ஆரம்பித்த ரோலண்ட் கம்பெனி, பத்து வருஷங்களுக்குள் உலகச் சந்தையில் முன்னணிக்கு வந்துவிட்டது.

1981-ஆம் வருஷம் ஜூன் மாதம், அமெரிக்காவில் நடந்த வாத்திய வியாபாரிகளின் கண்காட்சியில், எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக ஒரு பாஷை வேண்டும் என்ற யோசனையைக் காகேஹாஷி வெளியிட்டார். முதலில் டாம் ஓபர்ஹைம் என்ற அமெரிக்க உற்பத்தியாளரிடம் பேசினார். பிறகு டேவ் ஸ்மித்தை அணுகினார். ஸ்மித்தும் அவர் தோழர் செட் உட் என்பவரும் பொது முறை ஒன்றை வகுத்து, அவ்வருஷம் நவம்பரில் ஒலிப் பொறியியல் நிபுணர் சங்கத்தின் முன் ஒரு கட்டுரையாக வைத்தனர். மற்ற அமெரிக்கக் கம்பெனிகள் அவ்வளவாக ஆர்வம் காட்டவில்லை. ஜப்பானியக் கம்பெனிகளான ரோலண்ட், யமஹா, கோர்க், கவாய் ஆகிய நான்கும் ஸ்மித்தின் கம்பெனியும் சேர்ந்து, கடல் கடந்து ஆலோசனை நடத்தி, திட்டத்தைத் திருத்தி முடித்தன. அந்தப் பொதுப் பாஷைக்கு 'மிடி' என்று பெயர் சூட்டப்பட்டது.

1983 ஜனவரியில், கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த கண்காட்சியில், ஸ்மித்தின் 'பிராபெட்-600' கருவியையும் ரோலண்டின் 'ஜூபிடர்-6' கருவியையும் ஒரு சாதாரணக் கம்பியால் இணைத்தார்கள். ஒன்றின் கட்டையை அழுத்த, மற்றொன்று ஒலித்தது. நேற்றுவரை ஒன்றையொன்று அறியாதிருந்த இரு போட்டியாளரின் சரக்குகள், அன்று ஒரே குரலாக ஒலித்தன.

என்ன ஒப்பந்தம்?

மிடி வழியாக ஒலி செல்வதில்லை என்பதை முக்கியமாகக் கவனிக்கவேண்டும். செல்வது செய்தி மட்டுமே. இன்ன கட்டை அழுத்தப்பட்டது, இவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, இப்பொழுது விடப்பட்டது என்பன போன்ற செய்திகள் எண்களாகச் செல்கின்றன. அதைப் பெறும் கருவி தன் குரலில் பாடிக்கொள்கிறது. ஸ்வரப்படுத்தி எழுதிய சாஹித்யத்தை வீணைக்காரரும் பிடில்காரரும் அவரவர் வாத்தியத்தில் வாசிப்பது போன்றதே இது. வினாடிக்கு 31,250 துளிச் செய்திகள். ஒரே கம்பியில் 16 கருவிகளுக்குத் தனித்தனிக் கட்டளை. ஸ்வரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள். இவ்வளவே திட்டம். ரேடியோ சாமான்களில் ஏற்கெனவே வழங்கிவந்த ஐந்து ஊசிச் செருகியையே இதற்கும் எடுத்துக்கொண்டார்கள். அதிலும் மூன்று ஊசிகளே உபயோகமாயின. இந்த வேகம் போதாது என்று குறை கூறியோர் உண்டு. ஆனால் மலிவான கருவியிலும் வைக்கக்கூடியதாக இருந்தாலன்றி எல்லோரும் ஏற்கமாட்டார்கள் என்பது வகுத்தவர்களின் தீர்மானம். அதுவே சரியான தீர்மானம் என்பதைக் காலம் நிரூபித்துவிட்டது.

எல்லாவற்றிலும் பெரிய விசேஷம், இதற்கு எவரும் காப்புரிமை வாங்கவில்லை என்பதே. வேண்டுவோர் எவரும் தமது கருவியில் வைத்துக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. அதே 1983-ல் யமஹா கம்பெனி 'டி.எக்ஸ்.7' என்ற புகழ்பெற்ற சிந்தஸைஸரை வெளியிட்டது. அதில் மிடியும் இருந்தது. ஜான் சௌனிங் என்ற அறிஞர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்த புதிய ஒலியாக்க முறையும் இருந்தது. பின்னதற்குப் பல்கலைக்கழகம் காப்புரிமை வைத்திருந்தது. அதனால் 2 கோடி டாலருக்கு மேல் வருமானம் பெற்றது. அந்த வருமானத்தை நாம் குறை கூறவில்லை. அறிவாளியின் உழைப்புக்கு ஊதியம் நியாயமே. குரல் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். பாஷை ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாகாது. இந்த வேற்றுமையை அந்த வியாபாரிகள் அறிந்திருந்தார்கள் என்பதே போற்றத்தக்கது.

கொடுத்தவர் கதி

"இலவசமாகக் கொடுப்பவன் அழிவான், லாபமில்லாமல் யார் உழைப்பார்கள்?" என்று கேட்போர் எப்பொழுதும் உண்டு. அவர்களுக்கு நாம் உண்மையை மறைக்க விரும்பவில்லை. ஸ்மித்தின் சீக்வென்ஷியல் கம்பெனி 1987-ல் நொடித்துப்போய் யமஹாவின் கைக்குப் போயிற்று. பொதுப் பாஷை பிறப்பதற்குக் கட்டுரை எழுதியவரின் கம்பெனி, அந்தப் பாஷை உலகை ஜெயித்துக்கொண்டிருந்தபோதே மறைந்தது. பொதுநலத்துக்குச் செய்த உதவி, செய்தவனுடைய கடைக் கணக்கில் உடனே வரவு வைக்கப்படும் என்று யாரும் உறுதி கூறமுடியாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஸ்மித் 2002-ல் தம் பெயரிலேயே மீண்டும் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். 2013-ல் அவருக்கும் காகேஹாஷிக்கும் சேர்த்து, மிடியை உருவாக்கியதற்காகத் தொழில்நுட்ப கிராமி விருது வழங்கப்பட்டது. 2015-ல், யமஹா தன் கைவசமிருந்த 'சீக்வென்ஷியல்' என்ற பழைய பெயரை ஸ்மித்திடமே திருப்பிக் கொடுத்தது. அவ்வாறு கொடுக்கவேண்டுமென்று வற்புறுத்தியவர் யார்? ஒரு காலத்தில் ஸ்மித்தின் போட்டியாளராயிருந்த காகேஹாஷி! அவர் 2017-லும் ஸ்மித் 2022-லும் காலமாயினர். அவர்கள் கொடுத்த பொருள் இன்றும் ஜீவித்திருக்கிறது. 1983-ல் செய்த கருவியை இன்றைய கம்ப்யூட்டருடன் சிறு இணைப்பி ஒன்றினால் சேர்த்துப் பேசவைக்கலாம். கம்ப்யூட்டர் உலகில் நாற்பது வருஷம் உயிரோடிருக்கும் உடன்படிக்கை மிக அபூர்வம்.

பயனோ எண்ணிலடங்காது. 1985-ல் வந்த அட்டாரி எஸ்.டி. என்ற மலிவான கம்ப்யூட்டரில் மிடி வாயில்கள் உடன் அமைந்தே வந்தன. பெரிய ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பணம் இல்லாத வாலிபர்கள், வீட்டு அறையிலேயே பல கருவிகளை ஒருவராக நடத்தலாயினர். நமது சினிமா சங்கீதத்திலும் சீக்வென்ஸரும் கம்ப்யூட்டரும் நுழைந்து, பாட்டு அமைக்கும் முறையையே மாற்றிவிட்டதை நேயர்கள் அறிவார்கள்.

குறையும் திருத்தமும்

இனிக் குறையையும் சொல்லவேண்டும். மிடியின் பாஷையில் ஸ்வரம் என்பது எண் இட்ட கட்டை. நிலையாக நிற்கும் ஒரு புள்ளி. அசைவு என்பது பின்னால் தனிச் செய்தியாகச் சேர்க்கப்படும் அலங்காரம். நமது சங்கீதத்திலோ அசைவே ஸ்வரத்தின் உயிர். தோடியின் காந்தாரத்தை ஒரு புள்ளியில் நிறுத்திக் காட்ட முடியுமா? இதே காரணம் சொல்லி 1940-ல் அகில இந்திய ரேடியோ ஆர்மோனியத்தையே விலக்கிவைத்தது. அந்த விலக்கு பல வருஷங்கள் நீடித்தது. சிந்தஸைஸரில் சுருதியை வளைக்க ஒரு சக்கரம் உண்டு என்பது மெய். ஆனால் பழைய மிடியில் அந்தச் சக்கரத்தின் கட்டளை, ஒரு வழியில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் சேர்த்தே வளைத்துவிடும். ஒன்றை அசைத்து மற்றொன்றை நிறுத்திவைக்க இயலாது.

இதற்கு வகுத்தவர்களை நோவதில் பயனில்லை. கூடிப் பேசியவை அமெரிக்க, ஜப்பானியக் கம்பெனிகள். அவர்கள் கண் முன் இருந்தது பியானோவின் கட்டைகள். சபையில் இல்லாதவனுடைய தேவை, சபையின் தீர்மானத்தில் இடம் பெறுவதில்லை. இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. இது உலக இயல்பு.

ஆனால் ஆர்மோனியத்துக்கும் மிடிக்கும் பெரிய வேற்றுமை ஒன்றுண்டு. மிடி பொதுச் சொத்து. ஆகையால் திருத்தத்துக்கு இடமுண்டு. 2018-ல் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி வழி கொடுத்துத் தனித்தனியே வளைக்கும் முறை ஒப்புக்கொள்ளப்பட்டது. 2020-ல் வெளிவந்த மிடி 2.0 திட்டத்தில், அந்த வசதி பாஷையிலேயே சேர்க்கப்பட்டதுடன், அளவுகளும் முன்னைவிடப் பன்மடங்கு நுண்மையாக்கப்பட்டன. பழைய கருவிகளும் கைவிடப்படவில்லை. ஒரு கம்பெனியின் ரகசியமாக இருந்திருந்தால், அந்தக் கம்பெனியின் தயவுக்காகக் காத்திருப்பதன்றி வேறு வழி இருந்திராது.

இதிலிருந்து நாம் அறியவேண்டியவை இரண்டு. பொது அளவைத் தனிச் சொத்தாக்க இடங்கொடுக்கலாகாது என்பது ஒன்று. பொது அளவு வகுக்கப்படும் இடத்தில் நமது வித்வான்களும் பொறியாளர்களும் அமர்ந்திருக்கவேண்டும் என்பது மற்றொன்று. வகுத்து முடிந்த பிறகு குறை கூறுவது எளிது. வகுக்கும்போது கூட இருப்பதற்கு உழைப்பு வேண்டும். எதிரெதிரே கடை வைத்திருந்தவர்கள் அந்த உழைப்பைச் செய்து காட்டினார்கள். ஒரே லக்ஷ்யத்தில் நிற்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நம்மவர்கள், அதில் பாதியாவது செய்யலாகாதா?