விண்டோஸ் கேம்கள் லினக்ஸில் ஓடுவது எப்படி?

2022 பிப்ரவரி 25 அன்று ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய ‘எல்டன் ரிங்’ கேம் வெளியானது. விண்டோஸ் கணினியில் விளையாடியவர்களிடமிருந்து முதல் நாளே புகார்கள் குவிந்தன. விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தாலும் சண்டைக்கு நடுவே படம் திடீரென உறைந்து, பிறகு துள்ளி நகர்ந்தது. சில நாட்களுக்குள் இந்தத் தடங்கல் வெகுவாகக் குறைந்த கருவி, யாரும் எதிர்பாராத ஒன்று. அதே வாரம் விற்பனைக்கு வந்திருந்த ‘ஸ்டீம் டெக்’ என்ற கையடக்கக் கணினி அது. அதில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்தான் இருக்கிறது. ஃப்ரம்சாஃப்ட்வேர் இந்த கேமை லினக்ஸுக்காகத் தயாரிக்கவும் இல்லை.

விண்டோஸுக்கென எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான கேம்கள் இன்று லினக்ஸில் ஓடுகின்றன. அவற்றை உருவாக்கியவர்களில் பெரும்பாலானோர் இதற்காக எதுவும் செய்யவில்லை. இந்தச் சாதனை வேறு சிலருடையது. அவர்கள் செய்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு கேம் ஓடும்போது பெரும்பகுதி வேலையை நேரடியாக பிராசஸரே செய்கிறது. விண்டோஸ் கணினியானாலும் லினக்ஸ் கணினியானாலும் உள்ளே இருப்பது அதே இன்டெல் அல்லது ஏஎம்டி சிப். கணக்குகள் எங்கும் ஒரே மாதிரிதான் நடக்கும். இயங்குதளத்திடம் உதவி கேட்கும் இடங்களில்தான் சிக்கல் வருகிறது. ‘இந்தக் கோப்பைத் திற’, ‘இவ்வளவு நினைவகம் கொடு’, ‘இந்த முக்கோணங்களைத் திரையில் வரை’ என்று கேம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கோரிக்கைகள் விண்டோஸ் புரிந்துகொள்ளும் வடிவத்தில் இருக்கும். லினக்ஸுக்கு அவை புரியாது. வெளிநாட்டில் வாங்கிய சார்ஜரின் பின் நம் வீட்டு பிளக் பாயிண்ட்டில் நுழையாதபோது அடாப்டர் போடுகிறோம் அல்லவா, அப்படி ஓர் அடாப்டர் நடுவில் இருந்தால் போதும்.

அந்த அடாப்டரின் பெயர் ‘வைன்’. 1993-ல் தொடங்கிய திட்டம் இது. 1994 முதல் இதை வழிநடத்துபவர் அலெக்சாண்டர் ஜூலியார். முதல் முழுமையான பதிப்பு, அதாவது 1.0, வெளிவந்தது 2008 ஜூனில். இடைப்பட்ட 15 ஆண்டுகளும் சும்மா போகவில்லை. விண்டோஸின் மூல நிரலை மைக்ரோசாஃப்ட் பொதுவெளியில் திறந்து காட்டுவதில்லை. எனவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் விண்டோஸ் என்ன பதில் தருகிறது என்று வெளியிலிருந்து சோதித்துப் பார்த்து, அதே பதிலைத் தரும் நிரலைச் சொந்தமாக எழுத வேண்டியிருந்தது. விண்டோஸில் ஒரு பிழை இருந்து, அந்தப் பிழையை நம்பி ஒரு மென்பொருள் எழுதப்பட்டிருந்தால், வைனும் அதே பிழையைச் செய்தாக வேண்டும். இவ்வளவு பொறுமை கேட்கும் வேலை மென்பொருள் உலகில் அதிகம் இல்லை.

லினக்ஸ் கணினியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஸ்டீம் என்ற கேம் கடை வழியாக ஒரு விண்டோஸ் கேமை நிறுவி ஒருமுறை ஓடவிட்ட பின், அதற்கென உருவான கோப்புறையைத் திறந்தால் உள்ளே ‘டிரைவ் சி’ என்று ஒன்று இருக்கும். அதற்குள் ‘விண்டோஸ்’, அதற்குள் ‘சிஸ்டம்32’. நாம் சி டிரைவில் பார்த்துப் பழகிய அதே அமைப்பு. கேம் தனக்கு வேண்டிய டிஎல்எல் கோப்பை அங்கே தேடும். அதே பெயரில் வைன் எழுதிய கோப்பு கிடைக்கும். கேம் தன் சேவ் ஃபைலையும் இதே ‘டிரைவ் சி’க்குள் எழுதி வைக்கும். தான் வேறொரு இயங்குதளத்தில் ஓடுவது கேமுக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

இதற்கு மாற்று வழியும் இருந்தது. ஒவ்வொரு கேமின் மூல நிரலையும் வாங்கி, லினக்ஸுக்கு ஏற்றபடி மாற்றி விற்பது. 1998-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட லோக்கி சாஃப்ட்வேர் அதைத்தான் செய்தது. ‘சிவிலைசேஷன்: கால் டு பவர்’, ‘க்வேக் 3’, ‘சிம்சிட்டி 3000’ எல்லாம் அப்படி வந்தவையே. வாங்க ஆள் போதவில்லை. 2002 தொடக்கத்தில் நிறுவனம் மூடப்பட்டது. அங்கே பணியாற்றிய சாம் லான்டிங்கா எழுதிய எஸ்டிஎல் என்ற நிரலகம் மட்டும் இன்றுவரை எண்ணற்ற கேம்களுக்குள் உழைத்துக்கொண்டிருக்கிறது.

லினக்ஸ் கேம்களுக்கு உண்மையான பணபலம் வந்தது வால்வ் நிறுவனத்தின் கவலையால். ஸ்டீம் என்ற அந்த மிகப் பெரிய கேம் கடையை நடத்துவது வால்வ். 2012-ல் விண்டோஸ் 8 தனக்கென ஒரு செயலிக் கடையோடு வரப்போவது தெரிந்ததும், அது கணினித் துறைக்கே பேரழிவு என்று வால்வின் தலைவர் கேப் நியூவெல் வெளிப்படையாகச் சொன்னார். மைக்ரோசாஃப்ட் கதவைச் சாத்தினால் வால்வின் வியாபாரம் முடங்கும். அதற்கு மாற்று வழியாக லினக்ஸ் தேவைப்பட்டது. இது பொதுத்தொண்டு அல்ல, தற்காப்பு. ஆனால் விளைந்த பலன் எல்லாருக்கும் கிடைத்தது என்பதால், அந்த நோக்கத்தைக் குறையாக நான் நினைக்கவில்லை.

அந்த ஆண்டே தன்னுடைய ‘லெஃப்ட் 4 டெட் 2’ கேமை வால்வ் லினக்ஸுக்கு மாற்றியது. முதலில் நொடிக்கு 6 ஃபிரேம் மட்டுமே வந்தது. செப்பனிட்ட பின் 315 ஃபிரேமாக உயர்ந்தது; அதே கணினியில் விண்டோஸ் 7 தந்தது சுமார் 270. லினக்ஸ் வேகம் குறைந்தது என்ற பேச்சுக்கு அதுவே போதுமான பதில். ஆனாலும் 2015 நவம்பரில் வந்த, லினக்ஸில் ஓடும் ‘ஸ்டீம் மெஷின்’ கணினிகள் விலைபோகவில்லை. மக்கள் விரும்பிய பெரிய கேம்கள் பல அவற்றில் இல்லை.

கேமை மாற்றித் தரும்படி ஒவ்வொரு நிறுவனத்திடமும் கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் ஆகாது என்பது அதன் பிறகு தெளிவானது. வைன் இருந்தும் புதிய கேம்கள் தடுமாறியதற்கு முக்கியக் காரணம் கிராபிக்ஸ். மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி வழியாகவே பெரும்பாலான கேம்கள் படம் வரைகின்றன. 2016-ல் வல்கன் என்ற திறந்த கிராபிக்ஸ் தரம் வந்தது. ‘நியர்: ஆட்டோமேட்டா’ கேமை லினக்ஸில் விளையாட ஆசைப்பட்ட ஜெர்மானியர் பிலிப் ரெபோலே, டைரக்ட்3டி கட்டளைகளை வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற மென்பொருளை 2017-ல் தானாகவே எழுதத் தொடங்கினார். அதைக் கண்ட வால்வ் அவருக்குச் சம்பளம் கொடுத்து முழுநேரமாக வேலையைத் தொடரச் செய்தது. வைன், டிஎக்ஸ்விகே இரண்டையும் இணைத்து, கோட்வீவர்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, 2018 ஆகஸ்ட் 21 அன்று ‘புரோட்டான்’ வெளியிடப்பட்டது. விளையாடுபவர் ‘ப்ளே’ பொத்தானை அழுத்தினால் போதும்.

எல்டன் ரிங்கின் தடங்கலைத் தீர்த்ததும் புரோட்டான்தான். சில இடங்களில் அந்த கேம் ஒரே சமயத்தில் பல்லாயிரம் கட்டளைத் தொகுப்புகளை உருவாக்கி நினைவக நிர்வாகத்தைத் திணறடித்தது. புரோட்டானுக்குள் இருக்கும் டைரக்ட்3டி 12 மாற்றியில், ஒதுக்கிய இடத்தை எறிந்துவிடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்படி வால்வ் பொறியாளர்கள் திருத்தம் செய்தார்கள். கேமின் நிரலில் ஒரு வரியைக்கூட அவர்கள் தொடவில்லை. தவிர, எல்லா ஸ்டீம் டெக்கிலும் ஒரே வகை சிப் இருப்பதால், விளையாடும்போது தயாராக வேண்டிய ஷேடர்களை, அதாவது படம் வரையும் சிறு நிரல்களை, முன்கூட்டியே தயாரித்து இணையம் வழி அனுப்பிவிடவும் முடிகிறது.

இந்த உழைப்பு லினக்ஸின் மையத்துக்கே, அதாவது கெர்னலுக்கே, போய்ச் சேர்ந்திருக்கிறது. பல நிகழ்வுகளுக்காக ஒரே நேரத்தில் காத்திருக்கும் வசதி விண்டோஸில் உண்டு. கேம்கள் அதை மிகுதியாகப் பயன்படுத்தும். அதற்கு ஈடான ஒரு வசதி 2022-ல் கெர்னல் 5.16-லும், இன்னும் துல்லியமானது 2025-ல் கெர்னல் 6.14-லும் சேர்க்கப்பட்டன.

இன்னும் நிற்கும் பெரிய தடை, ஆன்டி-சீட். ஆன்லைன் போட்டியில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் மென்பொருள் அது. ‘வாலரன்ட்’ கேமின் வேன்கார்ட் விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே உட்கார்வதால் லினக்ஸில் அதற்கு வழியில்லை. ஆனால் ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு இடம் கொடுத்துவிட்டன. கேம் நிறுவனம் அனுமதிக்க வேண்டும், அவ்வளவே. எல்டன் ரிங் அனுமதித்தது. ‘ஃபோர்ட்நைட்’ அனுமதிக்கவில்லை. ‘அபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ முதலில் அனுமதித்து, 2024 அக்டோபர் 31 அன்று லினக்ஸை வெளியேற்றியது. திறந்த அமைப்பில் ஏமாற்று மென்பொருளை மறைப்பது எளிது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நாணயமாக விளையாடிவந்தவர்களும் ஒரே நாளில் வெளியே தள்ளப்பட்டார்கள். இது எனக்கு ஏற்புடையதாக இல்லை. கெர்னல் வரை கைவைக்கும் உரிமையைக் கேட்பதற்கு முன், சர்வர் பக்கத்திலேயே ஏமாற்றைக் கண்டறியும் வழிகளில் நிறுவனங்கள் இன்னும் செலவிட வேண்டும்.

இன்னொரு கவலையும் உண்டு. புரோட்டான் நன்றாக ஓடுவதால், லினக்ஸுக்கென்றே கேம் தயாரிக்கும் ஆர்வம் நிறுவனங்களிடம் குறைந்துவிட்டது. எல்லாம் ஒரு தனியார் கடையின் தோளில் நிற்கிறது. ஆறுதல் என்னவென்றால், வைன், டிஎக்ஸ்விகே, புரோட்டான் மூன்றின் நிரலும் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. 2023-ல் விண்டோஸ் கேம்களை மேக்கில் சோதிக்க ஆப்பிள் ஒரு கருவித்தொகுப்பை வெளியிட்டபோது, அதற்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டதும் வைன் வழிவந்த நிரலைத்தான். நாளை வால்வ் மனம் மாறினாலும் வேறொருவர் இந்த வேலையைத் தொடரலாம்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. அந்த மாதம் ஸ்டீமின் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு 3 சதவீதத்தைத் தாண்டியது. விண்டோஸ் 11 ஏற்காத கணினியை வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸுக்கு மாறுவது இப்போது நடைமுறைக் கேள்வி. மாற நினைப்பவர்கள் முதலில் புரோட்டான்டிபி தளத்தில் தங்கள் கேம்களின் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். எது எப்படி ஓடுகிறது என்று விளையாடியவர்களே அங்கே எழுதுகிறார்கள். இன்றைய டிஎக்ஸ்விகேவுக்கு வல்கன் 1.3 ஆதரவுள்ள கிராபிக்ஸ் சிப் வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு மேலான மடிக்கணினிகளில் பெரும்பாலும் அது இருக்காது. விண்டோஸ் டிரைவில் ஏற்கெனவே நிறுவிய கேமை அப்படியே லினக்ஸிலிருந்து ஓட்டப் பார்த்தால் பல சமயம் தகராறு செய்யும். லினக்ஸ் டிரைவில் புதிதாக நிறுவுவதே நல்லது. நண்பர்களோடு தினமும் ஆடுவது வாலரன்ட் அல்லது ஃபோர்ட்நைட் என்றால், விண்டோஸை அழிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்வதைத் தவிர இப்போதைக்கு வேறு வழியில்லை.