புதுப் பெயிண்டுக்குப் பின்னால்...



"முழுவதும் புதுப்பிக்கப்பட்ட எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு!" இங்கிலாந்தின் பழைய கார் சந்தையில் இப்படிப்பட்ட விளம்பரம் சர்வ சாதாரணம். படத்தைப் பார்த்தால் கண் கூசும். சிவப்புப் பெயிண்ட், குரோமியம் பம்பர், கம்பி வைத்த சக்கரம்! ஆனால் வெளுத்ததெல்லாம் பாலாகிவிடுமா? 'புதுப்பித்தது' என்ற ஒரு சொல்லை டெக்னிக்கல் படிக்கிற நாம் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் என்ற ஊரில் தயாரானது. 5 லட்சத்துக்கும் மேல் விற்பனையானது. 4 சிலிண்டர், 1798 சி.சி. பெட்ரோல் இன்ஜின். இந்த இன்ஜின் நமக்கு அந்நியம் இல்லை. பி.எம்.சி. கம்பெனியின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. நம் அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சி.சி. இன்ஜினும் அதே குடும்பம்தான். பழைய அம்பாசடர் மெக்கானிக் யாராவது எம்.ஜி.பி.யின் பானெட்டைத் திறந்தால், "அட, நம்ம ஆளு!" என்றுதான் சொல்வார்.

இன்ஜினைச் சரி செய்துவிடலாம். சிக்கல் பாடியில்தான் இருக்கிறது. இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியே பாரம் தாங்குகிறது. மேற்கூரையும் இல்லாத திறந்த வண்டி என்பதால், வளையாமல் காப்பதில் பெரும் பங்கு கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்ற பெட்டி வடிவப் பகுதிக்குத்தான். பீம் பாடத்தில் நாம் போடுகிற கணக்கு அங்கே உயிரோடு நிற்கிறது! குளிர்காலத்தில் அந்நாட்டுச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் சில்லுக்குள் புகுந்து, உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

ஒழுங்கான வேலை என்றால், கதவு திறப்பின் குறுக்கே தற்காலிகக் கம்பி வெல்ட் செய்து, துருவை வெட்டி எடுத்து, உள்தகடு முதல் வெளித்தகடு வரை புதிதாக வைக்க வேண்டும். ஏமாற்று வேலை என்றால், துருவின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தால் முடிந்தது. போட்டோவில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். விபத்து நடந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

எங்க அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பூசின சுவரைக் கையால் தட்டிப் பார்க்காமல் அப்பா எதுவும் சொல்ல மாட்டார். காருக்கும் அதே தட்டல்தான் தேவை:

1. துணி சுற்றிய காந்தத்தைச் சில் மீது வையுங்கள். பட்டி கனமாக இருந்தால் ஒட்டாது. (தொடக்க கால வண்டிகளின் பானெட் அலுமினியம். அதில் ஒட்டாவிட்டால் பயப்பட வேண்டாம்.)

2. கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா? மேலே குறுகினால் பாடி தொய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

3. வால்வு சீட் மாற்றிய பில் உண்டா? பெட்ரோலில் இருந்த ஈயம்தான் அந்தக் கால வால்வு சீட்டுகளைத் தேயாமல் காத்தது. ஈயம் போனபின் கடினமான சீட் பொருத்துவது நல்லது.

4. வெட்டி, வெல்ட் செய்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். உண்மையாக உழைத்தவன் சந்தோஷமாகக் காட்டுவான்.

அரசாங்கச் சோதனை இருக்கிறதே என்று கேட்கலாம். 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை என்று 2018 மே மாதம் பிரிட்டனில் விதி வந்துவிட்டது. ஆக, வாங்குபவரின் கண்ணும் கையும்தான் பாதுகாப்பு.

நண்பர்களே! நாளைக்கு நாமும் ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் இதே வெல்டிங் டார்ச்சைப் பிடிக்கப் போகிறோம். பெயிண்டுக்குள் மறையப் போகும் வெல்டிங்தானே என்று அலட்சியம் வேண்டாம். அந்த வண்டியில் உட்காரப் போகிறவர் நம்மை நம்பித்தான் உட்காருகிறார்.

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு