முள் காட்டும் வேகம் உண்மையா?

மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. வேகம் காட்டும் முள் 60-ல் நிற்கிறது.

"மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறோம்" என்று ஓட்டுகிறவர் நினைக்கிறார். ஆனால் வண்டியின் உண்மையான வேகம் 56 ஆக இருக்கலாம். 54 ஆகவும் இருக்கலாம்!

அப்படியானால் முள் பொய் சொல்கிறதா? ஆம். இந்தப் பொய்யில் 2 வகை உண்டு. ஒன்று, கம்பெனியிலேயே வேண்டுமென்று வைத்து அனுப்புவது. அதனால் கெடுதல் இல்லை. மற்றொன்று, கோளாறினால் வருவது. அது ஆபத்தானது.

உள்ளே என்ன இருக்கிறது?

பல மோட்டார் சைக்கிள்களில் முன் சக்கரத்தில் இருந்து மீட்டருக்கு ஒரு கறுப்புக் குழாய் போகும். அதற்குள் முறுக்கிய கம்பி ஒன்று இருக்கிறது. இதுதான் "கேபிள்". சக்கரம் சுற்றினால் கம்பியும் சுற்றும்.

கம்பியின் மேல் முனையில் ஒரு காந்தம் இருக்கிறது. அந்தக் காந்தத்தை மூடியபடி அலுமினியக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று தொடுவதில்லை. ஆனாலும் காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் மின்சாரம் உண்டாகிறது. அதனால் கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கிறது. தலைமுடி போன்ற மெல்லிய சுருள் கம்பி ஒன்று அதை இழுத்துப் பிடிக்கிறது.

வேகம் கூடினால் கிண்ணம் அதிகம் திரும்பும். குறைந்தால் சுருள் கம்பி அதைப் பின்னால் இழுத்துவிடும். கிண்ணத்தோடு சேர்ந்ததுதான் முள்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஆட்டோ ஷூல்ட்சே என்பவர் 1902-ல் இதற்கு உரிமம் பெற்றார். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இதே முறையில் ஓடும் மீட்டர்கள் இருக்கின்றன. பல புதிய வண்டிகளில் கேபிள் கிடையாது. சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை மின்சாரக் கருவி எண்ணிச் சொல்கிறது.

கூட்டிக் காட்டுவது ஏன்?

மீட்டர் குறைத்துக் காட்டினால் என்ன ஆகும்? 50-ல் போவதாக நினைத்து, 55-ல் போய்க் கொண்டிருப்பார். போலீசிடம் அபராதம் கட்ட வேண்டும். திருப்பத்தில் வண்டி கைக்கு அடங்காது.

இதற்காகவே ஐக்கிய நாடுகள் சபையின் வாகன விதிகளில் 39-வது விதி இருக்கிறது. பல நாடுகள் இதைப் பின்பற்றுகின்றன. மீட்டர் ஒருபோதும் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது. கூட்டிக் காட்டலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும், அதற்கு மேல் 4 கிலோ மீட்டரும்தான் கூடலாம்.

அதாவது வண்டி 60-ல் ஓடும்போது மீட்டர் 70 வரை காட்டலாம். 59 என்று காட்டக்கூடாது!

டயர் மாறினால் கணக்கும் மாறும்

சக்கரத்தின் சுற்றை வைத்துத்தான் மீட்டர் வேகத்தைச் சொல்கிறது. டயர் தேய்ந்தால் சக்கரம் சிறியதாகிறது. அதே தூரத்துக்கு அதிகச் சுற்றுகள் சுற்றுகிறது. முள் கூடுதலாகக் காட்டுகிறது. காற்றுக் குறைந்தாலும் சிறிது அப்படித்தான்.

பெரிய டயர் போட்டால் நேர்மாறு. மீட்டருக்கு வேகம் தரும் சக்கரத்தில், அழகுக்காகச் சுற்றளவு 5 சதவீதம் கூடிய டயரை ஒருவர் மாட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். முன்பு சரியாகக் காட்டிய முள் இப்போது 60 என்று காட்டும்போது, வண்டி 63-ல் ஓடும்.

40 என்றால் 64!

பழைய வண்டிகளை வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சில பழைய மீட்டர்களில் இருப்பது மைல் கணக்கு. ஒரு மைல் என்பது சுமார் 1.6 கிலோ மீட்டர். முள் 40-ல் நின்றால் வண்டி 64 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று அர்த்தம்!

நீங்களே சோதிக்கலாம்

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். கிலோ மீட்டர் கல்லும் கைக்கடிகாரமும் போதும்.

கூட்டம் இல்லாத நேரான சாலையில் முள்ளை 50-ல் ஒரே சீராக வைத்து ஓட்டுங்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியோ தம்பியோ கடிகாரத்தைப் பார்க்கட்டும். ஓட்டுகிறவர் பார்க்கக்கூடாது. கற்கள் சற்று முன்பின்னாக நடப்பட்டிருக்கலாம். ஆகையால் 5 கிலோ மீட்டருக்குப் பார்ப்பது நல்லது.

எத்தனை விநாடி ஆயிற்றோ, அதைக் கொண்டு 18,000-ஐ வகுத்தால் உண்மை வேகம் கிடைக்கும். 360 விநாடி ஆனால் 50. மீட்டர் சரி. 400 விநாடி ஆனால் 45. மீட்டர் 5 கூட்டிக் காட்டுகிறது.

செல்போனில் உள்ள ஜி.பி.எஸ். கருவியும் வேகத்தைச் சொல்லும். நேரான சாலையில், சீரான வேகத்தில் அதை நம்பலாம். வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் அது சற்றுப் பிந்தும். பாலத்துக்கு அடியிலும் உயர்ந்த கட்டிடங்களுக்கு நடுவிலும் தவறும்.

தூரம் காட்டும் எண்களையும் சோதியுங்கள். கேபிள் மீட்டரில் அவை பல்சக்கரத்தால் ஓடுகின்றன. முள் தவறினாலும் எண்கள் சரியாக இருக்கலாம். 10 கல்லுக்கு 10.5 என்று காட்டினால் பெட்ரோல் கணக்கும் தவறு. லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் என்று பெருமைப்படுகிறவருக்கு உண்மையில் கிடைப்பது 48-க்கும் குறைவு!

முள் ஆடுகிறதா?

முள் துள்ளித் துள்ளி ஆடினால், கேபிள் காய்ந்திருக்கும் அல்லது மடங்கியிருக்கும். கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி, வளைவு இல்லாமல் மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முள் எழுந்திருக்கவே இல்லையா? கேபிள் அறுந்திருக்கலாம். சக்கரத்தில் உள்ள பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். காந்தம் வலு இழந்தால் முள் குறைத்துக் காட்டும். சுருள் கம்பி தளர்ந்தால் கூட்டிக் காட்டும். இவற்றுக்கு மீட்டர் பழுது பார்ப்பவரிடம் போக வேண்டும். முள்ளைக் கையால் வளைத்துச் சரி செய்யப் பார்க்கக்கூடாது.

புதிய மீட்டர் வாங்கினால் அதே வண்டிக்கு உரியதை வாங்க வேண்டும். கம்பி எத்தனை சுற்றுக்கு எவ்வளவு வேகம் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும்.

10 கிலோ மீட்டரில் என்ன இருக்கிறது?

"மீட்டர் கூட்டித்தானே காட்டுகிறது! இன்னும் கொஞ்சம் முறுக்கினால் என்ன?" என்று சிலர் கேட்பது உண்டு.

பிரேக் பிடித்த பிறகு, 50 வேகத்தில் வரும் வண்டி 20 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதே வண்டி 60-ல் வந்தால் நிற்க சுமார் 29 மீட்டர் ஆகும். அந்த 9 மீட்டருக்குள் ஒரு குழந்தை சாலையைக் கடந்து கொண்டிருக்கலாம்.

மீட்டர் கூட்டிக் காட்டினால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். குறைத்துக் காட்டினால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். வீட்டுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும், சேர வேண்டியது முழு உடம்போடு!