புகாருக்கு வயதில்லை
சிறு வயதில் நேர்ந்த பாலியல் கொடுமைக்கு வளர்ந்த பிறகும் நீதி கேட்கலாம். ஆனால் அது நடந்த ஆண்டு முக்கியம்.

கேரளத்தின் பத்தனம்திட்டையில் 2025 ஜனவரியில் 18 வயதுப் பெண் ஒருவரின் மௌனம் கலைந்தது. 13 வயதிலிருந்து தனக்கு நேர்ந்ததை அவர் ஆலோசகர்களிடம் சொன்னார். திருவனந்தபுரம் சரக டி.ஐ.ஜி. அஜிதா பேகம் தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. சில வாரங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

எல்லோராலும் 18 வயதில் பேசிவிட முடிவதில்லை. கனடாவில் வாழும் விஞ்ஞானி பூர்ணிமா கோவிந்தராஜுலு, சிறுமியாக இருந்தபோது சென்னையில் உறவினர் இழைத்த கொடுமையைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசியபோது சுமார் 40 ஆண்டுகள் ஓடியிருந்தன. 2018இல் அவர் மத்திய அமைச்சர் மேனகா காந்தியைச் சந்தித்து முறையிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு விளக்கம் தந்தது: போக்சோ சட்டப்படி புகார் தரக் காலவரம்பு இல்லை, பாதிக்கப்பட்டவர் எந்த வயதிலும் புகார் செய்யலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. போக்சோ அமலுக்கு வந்தது 2012 நவம்பர் 14இல். அதற்கு முன் நடந்த குற்றத்துக்கு அது பொருந்தாது. குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டப்படியே தண்டிக்க முடியும் என்கிறது அரசியல் சட்டத்தின் 20ஆவது பிரிவு.

பழைய குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டமே கதி. 2024 ஜூலையில் அது விடைபெற்றுவிட்டாலும், அதன் காலத்துக் குற்றங்களை இன்றும் அதன்படியே விசாரிக்கலாம். சிறுமிக்கு இழைத்த பலாத்காரம் 376ஆவது பிரிவிலும், சிறுவனுக்கு இழைத்த இயற்கைக்கு மாறான புணர்ச்சி 377இலும் வரும். மூன்றாண்டுக்கு மேல் சிறைத்தண்டனை உள்ள குற்றங்கள் என்பதால் இவற்றுக்குக் காலவரம்பு கிடையாது. மானபங்கம் அப்படியல்ல. 2013 வரை அதற்கு அதிகபட்ச தண்டனை 2 ஆண்டுகள். எனவே மூன்றாண்டுக்குள் வழக்கு வரவேண்டும். நீதியின் நலன் கருதிக் கோர்ட் மனம் வைத்தால் மட்டுமே தாமதம் மன்னிக்கப்படும். நஷ்டஈடு கோரும் சிவில் வழக்கிலும் 18 வயது நிரம்பியபின் மூன்றாண்டுக்கு மேல் சலுகை இல்லை.

புகார் தரச் சொந்த ஊருக்கு ஓட வேண்டியதில்லை. மதுரையில் நடந்ததைத் திருவனந்தபுரம் போலீசிலும் பதிவு செய்யலாம். அவர்கள் அதை மதுரைக்கு அனுப்பிவைக்க வேண்டும். திருவனந்தபுரம் வஞ்சியூர் கோர்ட் வளாகத்தில் இருப்பதுபோல் மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு. பெண்களுக்கு, வருமானம் எதுவானாலும், அங்கே இலவசமாக வக்கீல் கிடைப்பார். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது குற்றம்.

சாட்சியம்தான் கடினம். ஆண்டுகள் கழித்து மருத்துவப் பரிசோதனையில் எதுவும் தெரியாது. பழைய டயரி, கடிதம், மனநல சிகிச்சைக் குறிப்புகள், அன்றே விஷயம் தெரிந்த தோழி அல்லது சித்தி ஆகியவையே துணை. பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் நம்பும்படி இருந்தால் அதுவே போதும் என்று 1996இல் குர்மித் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. குடும்ப கௌரவத்துக்கு அஞ்சிப் புகார் தாமதமாவதையும் அது புரிந்துகொண்டது.

எல்லா வழக்கும் தண்டனையில் முடியாது. குற்றவாளி இறந்துவிட்டால் வழக்கும் இல்லை. ஆனால் "இத்தனை வருஷம் கழித்து எதற்கு?" என்று வீட்டில் யாராவது கேட்டால், கடுமையான குற்றங்களைப் பொறுத்தவரை சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று பதில் சொல்லலாம்.