சேவலுக்குக் கிரேக்கத்தில் என்ன பெயர்?

இராயப்பர் ஆண்டவரை மறுதலித்தபோது கூவிய சேவலை நாம் எல்லோரும் அறிவோம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் அதன் பெயர் 'அலெக்தோர்'. இன்றைய கிரேக்கர் சேவலைக் 'கோகொராஸ்' என்றும், பெட்டைக்கோழியைக் 'கோத்தா' என்றும் அழைக்கின்றனர்.

ஆங்கிலச் சொல்லுக்கு நேராகக் கிரேக்கச் சொல்லை எழுதினால் மொழிபெயர்ப்பு முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தோம். அது அவ்வளவு எளிதன்று. ஆங்கிலத்தில் 'சிக்கன்' என்றால் கோழியும் அதுவே, கறியும் அதுவே. கிரேக்கரோ முட்டையிடுவதைக் 'கோத்தா' என்றும், சமைப்பதற்குரிய இளங்கோழியைக் 'கோதோபுலோ' என்றும் பிரித்துச் சொல்வர். அடைகாக்கும் கோழியைக் குறிக்க ஆங்கிலத்துக்கு இரண்டு சொற்கள் வேண்டும். கிரேக்கத்தில் 'க்ளோசா' என்ற ஒரே சொல் போதும். தமிழிலும் 'அடைக்கோழி' உண்டு!

சில சொற்களுக்கு அகராதி மட்டும் போதாது. புனித மத்தேயு நற்செய்தி 23ஆம் அதிகாரத்தில், குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் தாய்க்கோழியைப்போல் தாம் எருசலேமின் மக்களைச் சேர்க்க விரும்பியதாக ஆண்டவர் கூறுகிறார். அங்குள்ள 'ஓர்னிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பறவை என்றும் பொருள், கோழி என்றும் பொருள். எதைக் கொள்வது? கொல்லையில் பருந்தைக் கண்டதும் குஞ்சுகளை அணைக்கும் கோழியைப் பார்த்தவர் தயங்கமாட்டார்.

எங்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் இன்று சேவல் கூவுமுன்பே ஆலைப் பேருந்துகளின் ஒலி கேட்கிறது. கோழி வளர்க்கும் கொல்லைகள் குறைந்து வருகின்றன. 'அடைக்கோழி' என்பதன் பொருள் எங்களில் பலருக்குத் தெரியவில்லை. பாட்டியைக் கேட்டே அறிந்தோம்.

தோழியரே, நம் சொல்லை அறியாமல் பிறர் சொல்லை எப்படிப் பெயர்ப்பது? பாட்டிமாரிடம் கேட்டு இன்றே எழுதி வைப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி